கவடியாரில் நான் குரைத்த காலம்

நான் பார்த்த முதல் உத்தியோகம் நாய். சம்பளம் கிடையாது. சாப்பாடும் இருக்க இடமும் உண்டு. இடம் என்றால் சாதாரண இடமில்லை, திருவனந்தபுரத்தில் கவடியார், அரண்மனை இருக்கும் பக்கம். அங்கே எங்கள் இரண்டு மாடி வீட்டின் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கும் தென்னைமரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, வாசலில் மணி அடித்தால் குரைக்க வேண்டும். அப்போது எனக்கு நல்ல மீசை இருந்தது. பி.காம். முடித்திருந்தேன். அதாவது பி.காம். என்னை முடித்திருந்தது.

இதைச் சொன்னால் யாரும் எளிதில் நம்புவதில்லை. என் மனைவி மட்டும் கேட்ட உடனே நம்பிவிட்டாள்.

நாங்கள் பணக்காரர்கள் ஆனது கக்கூஸால். சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் அதுதான். அப்பாவுக்குச் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஒரு சின்ன இரும்புக்கடை இருந்தது. ஆணி, கீல், தாழ்ப்பாள், கிணற்று உருளை என்று ஒரு ஆள் பக்கவாட்டில் நடந்தால்தான் நுழைய முடிகிற கடை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவருக்கு அது போதுமாகத்தான் இருந்தது. எழுபதுகளில் பேர்ஷ்யாவுக்கு, அதாவது வளைகுடா நாடுகளுக்கு, வேலைக்குப் போன ஆட்கள் லீவில் வந்து வீடு கட்ட ஆரம்பித்தார்கள். அப்படி வந்த ஒருவர், கறுப்புக் கண்ணாடியும் சென்ட் வாசனையுமாக, "சேட்டா, யூரோப்பியன் உண்டோ?" என்று கேட்டார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்க இல்ல, கோவளத்துல நெறைய உண்டும். பஸ்ஸு கிழக்கேகோட்டையில நிக்கும்" என்று வழி சொல்லி அனுப்பினார்.

அவர் கேட்டது வெள்ளைக்காரனை அல்ல, உட்காருகிற கக்கூஸை என்று அப்பாவுக்குத் தெரிந்தபோது அதே கேள்வியோடு வேறு நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அப்பா ஆணியை ஓரமாகத் தள்ளிவிட்டு வெள்ளைப் பீங்கானை இறக்கினார். பக்கத்துக் கடையைப் பிடித்தார், அதற்கடுத்த கடையையும் பிடித்தார். சாலையில் நின்று யாரைக் கேட்டாலும் 'கக்கூஸ் பிள்ளை கடை' என்று வழி காட்டும் அளவுக்கு உயர்ந்தார்.

அதுவரை நாங்கள் ஆரியசாலைப் பக்கம் ஒரு சந்துக்குள் வரிசை வீட்டில் குடியிருந்தோம். எங்கள் அடுக்களைக்கும் பக்கத்து வீட்டு அடுக்களைக்கும் பொதுவாக ஒரே சுவர். அதில் ஒரு செங்கல் இல்லை. எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. யாரும் அடைக்கவுமில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் உப்பு போகும், கறிவேப்பிலை வரும், கொதிக்கிற ரசத்தின் மணத்தை வைத்து "ஏட்டி, பெருங்காயம் போட மறந்துட்டியே" என்று குரலும் வரும். அந்தக் குரல் பக்கத்து வீட்டு அத்தையுடையது. அவள் புருஷன் தம்பானூரில் ஒரு ஓட்டலில் சரக்கு மாஸ்டர். ரத்த உறவு ஒன்றுமில்லை. ஆனால் அம்மா அவளை அண்ணி முறைக்கு மைனி என்றாள், நான் அத்தை என்றேன், அவள் அம்மாவை ஏட்டி என்றும் என்னை மருமவனே என்றும் கூப்பிட்டாள். என் முகத்தைப் பார்க்காமலேயே அந்த ஓட்டை வழியாக எனக்கு எத்தனையோ வடைகள் கொடுத்தவள் அவள்.

கவடியார் வீட்டுப் பால்காய்ச்சுக்கு அத்தையால் வர முடியவில்லை. அவள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். "நல்லபடியா காச்சுட்டி. நான் ஒரு நாள் வந்து, சாவகாசமா இருந்து, முழுக்கப் பாக்கேன்" என்று சொல்லியனுப்பினாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். யார் வந்து "கொள்ளாம், நல்ல வீடு" என்று புகழ்ந்தாலும் அம்மாவின் முகம் பாதிதான் மலரும். "மைனி வந்து பாக்கட்டும். அவிய வந்து ஒரு வாய் சாப்பிட்டாத்தான் எனக்கு இது வீடு. அதுவரைக்கும் லாட்ஜுதான்" என்பாள்.

லாட்ஜில் நாங்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டு மேசை வந்தது. அப்பாவுக்குக் காலைத் தொங்கப்போட்டுச் சாப்பிட்டால் சோறு முழங்காலுக்குப் போகிறது என்று புகார். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாம்பாருக்குக் கை நீட்டியபோது நாற்காலியோடு சாய்ந்தார். அன்று முதல் மேசையில் கூர்க்கன் கிழங்கும் வெண்டைக்காயும் பரப்பி வைத்தோம். சாப்பாடு அடுக்களைத் தரையில். ஃப்ரிட்ஜ் வந்தது. எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று அதை வரவேற்பறையில் வைத்தோம். அம்மா அதில் இட்லி மாவை வைத்தாள். மறுநாள் பார்த்தாள், அதற்கு மறுநாளும் பார்த்தாள். மாவு பொங்கவேயில்லை. "செத்துப் போச்சு" என்று சொல்லி மாவை வெளியே எடுத்து வெயிலில் வைத்தாள். அதன்பிறகு ஃப்ரிட்ஜில் வெற்றிலை மட்டும் குடியிருந்தது. சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற அப்பா சம்மதிக்கவில்லை. யாராவது எழுந்தால் உறையும் தொடையும் பிரிகிற சத்தம் கேட்கும். விருந்தினர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்தே வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

நாங்கள் விற்ற சாமானே எங்களைத்தான் அதிகம் பாடாய்ப் படுத்தியது. கடையில் அப்பா அதன்மேல் கையை வைத்து, "சிம்மாசனத்துல இருக்க மாதிரியாக்கும் சார்" என்பார். வீட்டில் அவரால் அதில் உட்கார முடியவில்லை. மேலே ஏறிக் குத்தவைத்தார். இறங்கும்போது வழுக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் கடையில் நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தார். காரணம் கேட்டவர்களிடம், "புது வீடு, பணி நெறைய" என்றார்.

இடுப்பு சரியானதும் அப்பா காலையில் நடக்கப் போனார். அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டு நடந்தார்கள். அப்பாவும் வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, ஷூ போட்டு, ஒரு நாள் நடந்துவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"லே, கவனிச்சியா? இந்த ரோட்டுல ஒரு கேட்டு விடாம போர்டு தொங்குது. நம்ம கேட்டுதான் மொட்டையா கெடக்கு."

"என்ன போர்டுப்பா?"

"நாய் போர்டு."

"அது நாய் வளக்குதவங்க வைக்கது."

"வளக்குதானா இல்லியான்னு எவன் உள்ள வந்து எண்ணப் போறான்?"

அம்மா அடுக்களையிலிருந்தே சொன்னாள். "நாயின்னா எறச்சி வாங்கணும். இந்த வீட்டுக்குள்ள எறச்சி வந்தா நான் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிருவேன், சொல்லிட்டேன்."

"நாய் ஆரு வாங்கப்போறா? சைவ வீட்டுக்குப் போர்டு போரும்."

இப்படித்தான் எங்கள் வீட்டுக்குச் சைவ நாய் வந்தது. பெயின்டர் ஒருவர் தகரப் பலகையில் மலையாளத்தில் 'நாயுண்டு, சூக்ஷிக்குக' என்று எழுதினார். "ஒரு படவும் வரச்சு தரட்டே சேட்டா? ஃப்ரீயா" என்று கேட்டு ஒரு நாயும் வரைந்து தந்தார். நீண்ட மூஞ்சி, தூங்கி வழியும் கண், தொங்கிய காது. அம்மா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுத்தைக் கூட்டி வாசித்தாள்.

மலையாளத்தில் சூக்ஷிக்குக என்றால் ஜாக்கிரதையாக இரு என்றும் அர்த்தம், பத்திரமாக வைத்துக்கொள் என்றும் அர்த்தம். நகையையும் சூக்ஷிக்கலாம், பாம்பையும் சூக்ஷிக்கலாம். அம்மாவுக்கு இரண்டாவது அர்த்தம்தான் பழக்கம். "நாயுண்டு, பத்திரமா வச்சுக்கோன்னு எழுதியிருக்கு. இல்லாத நாயை எவன் பத்திரமா வைக்கது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நாள் போர்டு மட்டும் போதுமாக இருந்தது. பிறகு கோயில் உற்சவத்துக்கு நன்கொடை வசூலிக்க நாலு பையன்கள் வந்தார்கள். போர்டைப் பார்த்துக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை என்றதும் உள்ளே வந்தார்கள், போர்ட்டிகோவில் நின்றார்கள், பின்பக்கம் வரை எட்டிப் பார்த்தார்கள். "பட்டி எவிடெ சேட்டா?" என்று அப்பாவையே கேட்டார்கள். நாய் எங்கே என்ற கேள்விக்கு அப்பா அவசரமாகப் பணத்தை எடுத்து நீட்டினார். அவர்கள் போனபிறகு கேட்டுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் அப்பா என்னை மிகுந்த மரியாதையோடு பக்கத்தில் உட்காரவைத்தார்.

"மக்கா, நீ காலேஜுல என்னமோ கொரைச்சுக் கப்பு வாங்குனியே."

அது கப்பு அல்ல, சோப்புப்பெட்டி. அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்துக் கல்லூரிகளில் மிமிக்ரி என்றால் உயிர். நான் ரயில், மழை, வீட்டு நாய், தெரு நாய், அடிபட்ட நாய் எல்லாம் செய்வேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, "இதுக்கா ஃபீசு கெட்டுதேன்?" என்று கேட்ட அதே அப்பாதான் இப்போது சொன்னார்: "படிச்ச படிப்பு வீணாப் போகப்பிடாதுல்லா."

இப்படி வேலைக்குச் சேர்ந்தேன். மணி அடித்தால் பின்பக்கம் ஓடுவேன். முதலில் ஒரு உறுமல், பிறகு மூன்று பெரிய குரை, கடைசியில் என் சொந்தச் சேர்ப்பாக ஒரு சின்ன ஊளை. கட்டிப்போட்டிருக்கிறார்கள், கயிறு இப்போது அறுந்துவிடும் என்ற எண்ணம் அந்த ஊளையில்தான் வரும். அப்பா வாசலில் நின்று, "ஏய், சும்மா கெட!" என்று பின்பக்கம் பார்த்து அதட்டுவார். அந்த அதட்டல் மட்டும் நடிப்பே அல்ல. வெகுகாலமாக என்னிடம் பழகிய குரல் அது.

எங்கள் மதிலுக்கு அடுத்த வீட்டில் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் இருந்தார். பெரிய பதவியில் இருந்தவர், அல்சேஷன் ஒன்று வளர்த்தார். நாங்கள் குடிவந்த நாள் முதல் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காதவர். நான் குரைக்க ஆரம்பித்த மறு வாரம் மதில்மேல் அவர் தலை தெரிந்தது.

"நிங்ஙளுடெ நாய்க்கு நல்ல ஒச்சயாணல்லோ. ஏதா ப்ரீட்?"

அப்பாவுக்கு அது பிரெட் என்று விழுந்தது. "பிரெட்டெல்லாம் திங்காது சார். காலத்த இட்லி, உச்சைக்குச் சோறு."

ஆபீசர் ஆச்சரியப்பட்டார். "வெஜிடேரியனோ! ஏது இனமெந்நா சோதிச்சது."

"ஓ, இனமா? ராஜபாளையம் சார்."

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே நாய் ஊர் அது. ஆனால் ஆபீசர் முகத்தில் ஒரு பயபக்தி வந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதன்பிறகு நாள்தோறும் மதில்மேல் குட்மார்னிங் வந்தது. அப்பா அதை ஃப்ரிட்ஜைவிட உயர்வாக மதித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் இஸ்திரி போட்ட சட்டையில் மனைவியோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். சோபாவில் உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்து, "ஞங்ஙள் ஒரு ஆலோசனையுமாயிட்டு வந்நதாணு" என்றார்.

அந்த ஊரில் ஆலோசனை என்றால் கல்யாணப் பேச்சு. அப்பா துள்ளி எழுந்தார். சோபா பெரிதாகக் கிழிகிற சத்தம் போட்டது. என்னைச் சட்டை மாற்றச் சொல்லி ஜாடை காட்டினார். அம்மா காப்பியோடு ஓடிவந்தாள். ஆபீசர் வீட்டில் பெண் இருப்பதாக எங்களுக்குத் தெரியாது. ஆனால் பெரிய இடத்தில் பெண்களை வெளியே காட்டமாட்டார்கள் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும்.

"மோளுக்கு மூணு வயஸ்ஸு திகஞ்ஞு" என்றார் ஆபீசர்.

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"நல்ல குடும்பத்திலே ராஜபாளையம் அடுத்து தன்னெ உள்ளப்போள், எந்தினா வேறெ அந்நேஷிக்குந்நது?" என்றார் அவர் மனைவி.

மகள் என்று அவர்கள் சொன்னது அந்த அல்சேஷனை. எனக்கு வந்த முதல் வரன் அது. பெண் வீட்டார் தேடி வந்த வரன், அதற்குப் பிறகும் வேறு வரவில்லை. நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளைக்கு உண்டான அடக்கம் தானாகவே வந்துவிட்டது. அப்போது ஆபீசர், "இந்நு ஆளுடெ ஒச்ச கேக்குந்நில்லல்லோ" என்று பின்பக்கம் காதைச் சாய்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து, மெதுவாகப் பின்பக்கம் போய், நாலு குரையும் ஊளையும் கொடுத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஆபீசரின் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நாள் ஒண்ணு பாக்கணும் சார். ஆவணி பொறக்கட்டும்" என்று அப்பா தவணை வாங்கினார். நாய்க்கும் நாள் பார்க்கிற குடும்பம் என்று எங்கள் மதிப்பு இன்னும் உயர்ந்தது.

இந்தக் கூத்திலெல்லாம் அம்மா கலந்துகொள்ளவில்லை. அவள் காத்திருந்தாள். மத்தியானம் அடுக்களை வேலை முடிந்ததும் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். எந்த ஓட்டையும் இல்லாத வழவழப்பான சுவர், பாதிவரை பச்சை டைல்ஸ் பதித்தது. நாங்களே விற்ற டைல்ஸ். ஒருநாள் ரசம் கொதிக்கும்போது அவள் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பி, "மைனி, பெருங்காயம் போட்டுட்டேன்" என்று சொன்னதைக் கேட்டேன். கேலி செய்ய வாயைத் திறந்தேன். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மணி அடித்தது. நான் என் உத்தியோகத்தைச் செய்தேன். அன்று குரல் நன்றாக இருந்தது. ஊளையை இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அப்பா முன்பக்கம் போய்ப் பார்த்தபோது யாரும் இல்லை. கேட்டில் ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வாழையிலையில் பொதிந்து முந்திரிக்கொத்து. சிறுபயறு வெல்லமும் தேங்காயும் போட்டு உருட்டி எண்ணெயில் பொரித்த எங்கள் ஊர்ப் பலகாரம்.

"கஸ்டமர் ஆராவது வச்சிட்டுப் போயிருப்பான்" என்றார் அப்பா. நாங்கள் ஆளுக்குப் பாதியாகத் தின்று தீர்த்தோம். பையை அடுக்களைக் கதவின் பின்னால் மாட்டினேன்.

அம்மா வந்து தேங்காய்மூடியை வைக்கப் போனவள் அங்கேயே நின்றாள்.

"இந்தப் பை எப்பிடி இங்க வந்துது?"

"கேட்டுல தொங்கிச்சும்மா."

"இது நான் தச்ச பையில்லா. நீலப்பூ போட்ட துணியில ரெண்டு தச்சேன். ஒண்ணு என்கிட்ட இருக்கு. மத்தது மைனிக்குக் குடுத்தேன்."

அப்பா மெல்ல வரவேற்பறைக்கு நகர்ந்தார்.

"மைனி வந்தாவளா?"

"யாரோ மணி அடிச்சாங்க."

"அப்போ நீ என்னலே செஞ்சே?"

"கொரைச்சேன்."

அம்மா பைக்குள் கைவிட்டாள். இலைதான் இருந்தது. அந்த இலையை முகத்தருகே கொண்டுபோனாள். "சின்னதுல அவியளை நாய் கடிச்சு வயித்தச் சுத்தி ஊசி போட்டவங்க. நாய்க்குட்டி கண்டாலே சேலையைத் தூக்கிட்டு ஓடுவாவ" என்றாள். பிறகு வரவேற்பறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "கேட்டியளா? காரை எடுக்கச் சொல்லுங்க."

கார் என்பது ஒரு பழைய அம்பாசடர். டிரைவர் நான்தான். நாய் ஓட்டுகிற கார் கவடியாரில் எங்களிடம் மட்டுமே இருந்தது.

சந்துக்குள் கார் போகாது. முக்கில் நிறுத்திவிட்டு நடந்தோம். அத்தை வாசலில் குழாயடியில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கோ. உள்ள வந்து இருங்கோ" என்றாள்.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அத்தை அம்மாவை வாங்கோ என்று சொன்னதேயில்லை. ஏட்டி, வாட்டி, போட்டி, இவ்வளவுதான். அந்த ஒரு வாங்கோவில் கவடியாருக்கும் ஆரியசாலைக்கும் நடுவில் ஒரு மதில் எழும்பிவிட்டது.

"என்ன மைனி, என்னையப் போயி வாங்கோங்கிய?"

"பின்ன எப்பிடிச் சொல்ல? பெரிய எடம். மணி, நாயி, எல்லாம் ஆயாச்சு. நாங்க சும்மா கேட்டுல தொங்க விட்டுட்டு வந்தோம். கிட்டிச்சுல்லா? அது போரும்."

"நாயே கெடையாது மைனி. சத்தியமா."

"போர்டு வாசிச்சேன். அதையும் விடு. இந்த ரெண்டு காதால கேட்டேன். சாதாரண நாயா அது? கன்னுக்குட்டி கணக்கா இருக்கும். கயித்தை இழுத்துக்கிட்டு வரப் பாக்கு. எனக்கு இப்பவும் காலு வெறைக்கு."

கலைஞன் என்ற முறையில் எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"அது இவனாக்கும்" என்றாள் அம்மா.

"ஆரு?"

"இவன்தான் கொரைச்சான்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். வராதேன்னு சொல்ல மனசில்லாம பெத்த புள்ளையை நாயிங்கியளா? வேண்டாம். நீங்க நல்லா இருங்கோ." குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "கொரைலே" என்றாள்.

"இங்கயாம்மா?"

"கொரைலேங்கேன்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. என் மூக்கைச் சிந்திவிட்ட பெண்கள், எனக்குக் கோலி சொல்லித்தந்தவர்கள், என் பி.காம். முடிவைக் கேட்டு ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். நான் கண்ணை மூடி ஒரு குரை குரைத்தேன். சளி பிடித்த பூனை மாதிரி வந்தது. சந்தின் கடைசியில் யாரோ, "பணம் வந்தா இப்பிடித்தான் ஒரு பிள்ளைக்கு ஆவும். நல்ல பையனாக்கும், பாவம்" என்றார்கள்.

அத்தை வாசற்படியில் கால் வைத்துவிட்டாள்.

அப்பா என் தோளைப் பிடித்தார். கவடியார்க்காரர், கான்வாஸ் ஷூ போட்டவர், என் காதில் சொன்னார்: "மக்கா, நல்லா கொரைலே. உங்கம்மை சாப்பாடு எறங்காம கெடக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

நான் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, அடிவயிற்றிலிருந்து உறுமினேன். பிறகு குரைத்தேன். துவைகல்லுக்கும் தென்னைமரத்துக்கும் நடுவில் கூட அப்படிக் குரைத்ததில்லை. மூன்றாவது குரையில் சந்துக்குப் பின்னால் தெருநாய் ஒன்று பதில் சொன்னது. அதைக் கேட்டுக் கம்போளத்திலிருந்து இன்னொன்று. ஆரியசாலை முழுக்க நாய்கள் எழுந்துகொண்டன. குழந்தைகள் கைதட்டினார்கள்.

அத்தை திரும்பி நின்றாள். கண்ணைச் சுருக்கி, கச்சேரியில் தப்புப் பிடிக்கிறவரைப் போலக் கேட்டாள். "இது சரி. கடைசில ஒரு ஊளை உண்டும்லா?"

ஊளையும் கொடுத்தேன்.

குடம் கீழே விழுந்து உருண்டது. அத்தை இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள், சிரித்துச் சிரித்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சவத்து மூதி! முக்குவரைக்கும் ஓடுனேனேலே! ஒத்தச் செருப்பு இப்பவும் உங்க ரோட்டுல கெடக்கு." அம்மாவைப் பார்த்தாள். அம்மா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றாள். "என்னத்துக்கு நிக்கே? உள்ள வாட்டி. சேலை மாத்திட்டு வாறேன்."

வாட்டி என்றதும் அம்மா படியேறினாள். அப்பா குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தார்.

கவடியாருக்குக் கார் வந்து நின்றபோது ஆபீசர் மகளோடு, அதாவது அல்சேஷனோடு, எங்கள் கேட்டருகே நின்றார். ஆவணி நெருங்கிவிட்டதல்லவா. அத்தை காருக்குள்ளேயே என்மேல் ஏறிக்கொண்டாள். அப்பா விழித்தார். அம்மாதான் கண்ணாடியை இறக்கி, தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னாள்.

"சாரே, எங்ஙளுடெ நாய் இப்போ இல்ல."

"அய்யோ! மரிச்சோ?"

"இல்ல சார். மனுஷ்யனாயி."

ஆபீசர் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு மிகவும் வருத்தமாக, "செல நல்ல நாய்கள் அங்ஙனெயாணு" என்று சொல்லி, மகளை அழைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் குட்மார்னிங் நிற்கவில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் தயங்குவார்.

அத்தை வீடு முழுக்கப் பார்த்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து வெற்றிலையைப் பார்த்தாள். சோபாவில் உட்கார்ந்து எழுந்து, அந்தச் சத்தத்துக்கு அப்பாவைத் திட்டினாள். அவளுக்காக அம்மா சாப்பாட்டு மேசையிலிருந்த கூர்க்கனையெல்லாம் அகற்றி இலை போட்டாள். அத்தை ஒரு நிமிஷம் நாற்காலியில் இருந்து பார்த்துவிட்டு, இலையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைத் தரைக்குப் போனாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரசத்தை ஒரு வாய் குடித்ததும், "பெருங்காயம் கூடிப் போச்சுட்டி" என்று அத்தை சொன்னது கேட்டது. அம்மா அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பெயின்டரை வரவழைத்து நாயையும் 'நாயுண்டு' என்பதையும் அழிக்கச் சொன்னாள் அம்மா. "மத்தது கெடக்கட்டும்" என்றாள். அதனால் அந்த வீட்டை விற்கிற வரைக்கும் எங்கள் கேட்டில் வெறும் 'சூக்ஷிக்குக' மட்டும் தொங்கியது. வருகிறவர்கள் வாசித்துவிட்டு மேலே பார்ப்பார்கள், கீழே பார்ப்பார்கள், தேங்காய் ஏதும் விழுமோ என்று தென்னையைப் பார்ப்பார்கள். அம்மா விளக்கம் சொன்னதில்லை.

அத்தை வெள்ளிக்கிழமைதோறும் வந்தாள். காலிங்பெல்லை அவள் ஒரு நாளும் அமுக்கியதில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில், கவடியார் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரை குரைப்பாள். சுதி சேராது. ஊளை சுத்த மோசம். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் திருத்த எவ்வளவோ முயன்றேன். அவளுக்கு வரவேயில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, கரண்டியோடு வாசலுக்கு ஓடுவாள்.